கால் குணமான பிறகும் பாவாடை

மீட்டர்காரர் முதன்முதலாகப் பாவாடை உடுத்தித் தெருவில் இறங்கிய அன்று பதினேழு ஸ்கூட்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன, போக்குவரத்து விளக்கு மூன்று நிறத்திலும் சேர்ந்தாற்போல் எரிந்தது, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் பிழிந்ததும் பிழியாததுமாக எட்டிப் பார்த்ததில் தெரு முழுக்க மழை பெய்தது. சரி, இதில் கொஞ்சம் மிகை உண்டு. மோதியது ஒரே ஒரு சைக்கிள். அதுவும் குப்பைத் தொட்டியில். ஓட்டி வந்தவர் அதற்கு முன்பே ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் பதினாறு வருடமாக மாதம் தவறாமல் அந்தத் தெருவில் நடந்துபோன ஒரு மனிதரை அன்றைக்குத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள் என்பது சத்தியம். அதற்குக் கண் காது மூக்கு வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்து வருவது அவர் வேலை. நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்கள். எந்த வீட்டில் மீட்டர் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த மாடியில் ஏழாவது படி ஆடும், எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமலே வந்து கவ்வும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வாசலில் நின்று “மீட்டர்!” என்று ஒரு குரல் கொடுப்பார். கதவு திறக்கிற சத்தத்தை வைத்தே உள்ளே சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று, எந்தப் புண்ணியவானோ கூரைக்கு ஒரு முழம் கீழே மாட்டி வைத்த மீட்டர். வீட்டுக்காரர் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். “நான் விழவே இல்லை. ஸ்டூல்தான் விழுந்தது. துணைக்கு நானும் போனேன்” என்று மீட்டர்காரர் பின்னால் சொல்லிக்கொள்வார். துணைக்குப் போனதில் கெண்டைக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே மூன்று இரும்பு வளையங்கள் மாட்டி, நான்கு கம்பிகளால் இணைத்து, எலும்புக்குள் ஊசிகள் இறக்கினார்கள். பார்த்தால் காலுக்குப் பறவைக் கூண்டு போட்டது போலிருக்கும். ஏழு மாதம் இருக்க வேண்டும், ஆனால் நடக்கலாம், நடந்தால்தான் நல்லது என்றார் டாக்டர். இரண்டு மாதம் வீட்டில் கிடந்ததிலேயே மீட்டர்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேலைக்குக் கிளம்பினார். அப்போதுதான் எந்தப் பேண்ட்டும் கூண்டுக்கு மேலே ஏறாது என்று தெரிந்தது. இடுப்பில் சுற்றிச் செருகுகிற துணி ஏணியில் நிற்காது. ஒரு கையில் டார்ச், மறு கையில் ரீடிங் எடுக்கிற மெஷின். அவிழ்ந்தால் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? மனைவியின் பாவாடையைப் போட்டுப் பார்த்தார், முழங்காலோடு நின்றது.

அவருடைய அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். தம்பியைவிட நாலு விரல் உயரம். சேதி கேட்டதும் டூட்டி முடிந்த கையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இந்தாடா. பட்டன் இருக்கு, கெட்டியான இடுப்புப் பட்டி இருக்கு, அவுராது. வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவை போட்டேன். கிளட்சை மிதிக்கிறேன்னு இதைத்தான் மிதிச்சேன்.”

“நான் மிதிக்க மாட்டேனா?”

“நீ என்ன பஸ்ஸா ஓட்டப் போற? போடுடா.”

சாம்பல் நிறம், கணுக்கால் வரை. மீட்டர்காரர் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“என்னைவிட உங்களுக்குத்தாங்க எடுப்பா இருக்கு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.”

முதல் வாரம் தெரு சிரித்தது. பிறகு மீட்டர்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். யாராவது வாயைத் திறப்பதற்குள் விளிம்பை ஒரு சாண் தூக்கிக் காட்டிவிடுவார். கம்பி தெரியும். சிரித்த வாய் அப்படியே “ஐயோ பாவம்” என்று முடியும். அதற்குப் பிறகு தண்ணீர் வரும், விசிறி வரும், “மெதுவா ஏறுங்க” வரும். கூண்டுதான் அவருடைய அனுமதிச் சீட்டு.

எல்லோரையும்விட அதிகம் உருகியவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறையிலேயே தொழில். அவர் மேஜையில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்பு வாய்கள் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும். அவர் மட்டும் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர், மீட்டர்காரர் வரும் நாள் தெரிந்து, மெத்தை வைத்த தன் சொந்த நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டார். ஒரு மாதமல்ல, ஐந்து மாதம்.

இதற்கு நடுவில் மீட்டர்காரருக்குள் ஒன்று நடந்தது. அவருக்குப் பாவாடை பிடித்துப்போயிற்று. படியேறும்போது துணி முட்டியைப் பிடித்து இழுக்கவில்லை. வெயில் நாளில் உள்ளே காற்று வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. தெருமுனை திரும்பும்போது விளிம்பு அரை வினாடி தாமதமாகத் திரும்பியது. அந்த அரை வினாடி அவருக்குப் பரம சுகம். அலுவலகம் வருடந்தோறும் கொடுக்கும் சீருடைத் துணியைத் தையற்காரரிடம் கொண்டுபோய், பக்கத்துக்கு ஒரு ஆழமான பை வைத்து, இரண்டு பாவாடை தைத்துக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் கண்ணாடி முன்னால் நின்று, ‘இந்த ஆள் இத்தனை நாள் எங்கே இருந்தான்?’ என்று கேட்டுக்கொண்டார்.

ஏழாவது மாதம் கூண்டைக் கழற்றினார்கள். மறுநாள் காலை பீரோவிலிருந்து பழைய பேண்ட்டை எடுத்துப் போட்டார். கழற்றினார்.

“டைட்டா இருக்கா?” என்றார் மனைவி.

“இல்ல. சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

“பிடிக்கல.”

மனைவி பேண்ட்டை வாங்கி மடித்தார். “அப்ப அந்த அயர்ன் பண்ணின பாவாடையைப் போட்டுட்டுப் போங்க. கசங்கினதைப் போட்டுட்டுப் போனா தெருவுல என்னைத்தான் சொல்லுவாங்க.”

பெட்டிக்கடை வாசலில் நின்றவன் குரல் கொடுத்தான். “என்னக்கா, ரீடிங்கா?”

“அக்கா பஸ் ஓட்டுறாங்க. நான் தம்பி” என்றார் மீட்டர்காரர், நடையை நிறுத்தாமல். கடைக்காரரே சிரித்துவிட்டார்.

மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “கால்தான் சரியாயிடுச்சே?”

“ஆமாம்மா.”

“காத்து வருதா?”

“நல்லா வருதும்மா.”

“அப்ப சரி. மீட்டரைப் பாரு.”

பல்செட்காரர் வீட்டில்தான் காற்று நின்றது. வாசலில் நாற்காலி தயாராக இருந்தது. பல்செட்காரர் பாவாடையைப் பார்த்தார், கம்பியில்லாத காலைப் பார்த்தார்.

“கம்பி எங்க?”

“எடுத்துட்டாங்க சார். கால் ஜம்முனு இருக்கு.”

“அப்புறம் இது எதுக்கு?”

“பிடிச்சிருக்கு சார்.”

 பல்செட்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அது தரையில் உரசிய சத்தத்தைக் கேட்டே, இந்த வீட்டில் இனிச் சமாதானம் இல்லை என்று மீட்டர்காரர் கண்டுகொண்டார். இந்த முறை முழுக்கச் சரியாக இருந்தது.

புகார்க் கடிதம் நான்காம் நாள் அலுவலகத்துக்கு வந்தது. பாவாடையைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ‘ஐந்து மாத காலம் என் அனுதாபத்தை மோசடி செய்து பெற்றிருக்கிறார்’ என்று இருந்தது.

மேலதிகாரி மீட்டர்காரரைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல, தலைவலி பிடிக்காதவர். “வியாழக்கிழமை அவரை வரச் சொல்லியிருக்கேன். கால் உடைஞ்சதுக்காகக் குடுத்த அனுமதி முடிஞ்சிடுச்சு. ஒண்ணு, ஒரு காரணத்தோட வாங்க. இல்ல, பேண்ட்டோட வாங்க. ரெண்டும் இல்லன்னா கிடங்குதான். உங்க ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

கிடங்கு என்றால் அடித்தளம். ஓடி ஓய்ந்த மீட்டர்களைத் திருகு கழற்றி, பித்தளையை ஒரு பெட்டியிலும் கண்ணாடியை இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். அங்கே பாவாடை என்ன, படுதாவே கட்டிக்கொண்டாலும் கேட்க ஆளில்லை. ஜன்னல் கிடையாது. தட்டுவதற்கு ஒரு கதவு கிடையாது. பதினாறு வருடம் நானூற்றுப் பன்னிரண்டு கதவு தட்டியவருக்கு அது உயிரோடு புதைப்பது மாதிரி.

அவரோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். சட்டென்று சூடாகிச் சட்டென்று அணைந்துவிடுவதால் ஃபியூஸ் என்று பெயர். ஆரம்பத்தில் அதிகம் சிரித்தவரும் அவர்தான். இப்போது அதிகம் கொதித்தவரும் அவர்தான். புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கவரோடு ஓடி வந்தார்.

“அண்ணே, வேலை முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. ‘காலின் தோல் மென்மையாகிவிட்டது, ஓராண்டுக்குக் காற்றுப் பட வேண்டும்.’ சீல் வெச்சிருக்கு பாருங்க.”

“என் தோல் எருமைத்தோல்டா.”

“அது உங்களுக்கும் எருமைக்கும் தெரிஞ்சா போதும். ஒரு வருஷம் நிம்மதி. அடுத்த வருஷம் வேற வியாதி பார்த்துக்கலாம்.”

மீட்டர்காரர் கவரைப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழன் காலை மேலதிகாரியின் அறை. இந்தப் பக்கம் அயர்ன் செய்த பாவாடையில் மீட்டர்காரர். எதிர்ப் பக்கம் நகக்கண்ணில் சுண்ணாம்போடு பல்செட்காரர். சுவரோரப் பெஞ்சில் ஓட்டுநர் சீருடைப் பேண்ட்டும் சட்டையுமாக, கால்மேல் கால் போட்டு, அக்கா.

“இவங்க யாரு?” என்றார் மேலதிகாரி.

“எங்க அக்கா சார்.”

“இங்க எதுக்கு?”

“முதல் பாவாடை என்னோடதுங்க” என்றார் அக்கா. “கேள்வி எதாவது வந்தா பதில் சொல்லலாம்னு.”

மேலதிகாரி அக்காவின் பேண்ட்டைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல் காகிதத்தைப் பிரித்தார். “சரி. காரணம் இருக்கா? டாக்டர் லெட்டர் ஏதோ வரும்னு கேள்விப்பட்டேன். குடுத்தீங்கன்னா ஃபைல்ல வெச்சு மூடிடுவேன். எல்லாருக்கும் வேலை இருக்கு.”

கதவுக்கு வெளியே ஃபியூஸ் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. மீட்டர்காரர் பைக்குள் கையை விட்டார். பல்செட்காரர் அந்தக் கையையே பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. லெட்டர் வந்துவிட்டால், தான் நாற்காலி போட்டது வீண் போகவில்லை என்றாகிவிடும் அல்லவா.

அந்த முகத்தைப் பார்த்ததும்தான் மீட்டர்காரருக்குப் பேச்சு வந்தது.

“கால் நல்லா இருக்கு சார். தோலும் நல்லா இருக்கு. வலி இருந்தப்ப வலின்னு சொன்னேன். இவரு நாற்காலி போட்டாரு. அந்த உபகாரத்தை நான் மறக்க மாட்டேன். வலி போனதும் போயிடுச்சுன்னு அவர் வாசல்லயே சொன்னேன். இதுல மோசடி எங்க சார்? இன்னிக்கு நான் ஒரு லெட்டரைக் குடுத்தேன்னா, நாளைக்கு மறுபடியும் நாற்காலி போடுவாரு. நல்ல காலை வெச்சுக்கிட்டு நான் அதுல உட்காரணும். அதுக்குப் பேருதான் மோசடி.”

“அப்ப காரணம்னு என்ன எழுதறது?”

“பிடிச்சிருக்குன்னு எழுதுங்க.”

“அதெல்லாம் ஒரு காரணமா?”

“நீங்க மீசை வெச்சிருக்கீங்களே சார், அதுக்கு லெட்டர் வாங்கினீங்களா?”

மேலதிகாரியின் கை தானாக மீசைக்குப் போயிற்று.  அதற்குள் பல்செட்காரர் தொண்டையைச் செருமினார்.

“நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன். ஆனா இனிமே நாற்காலி கிடையாது.”

“வேணாம் சார்.”

“நாற்காலி கால் வலிக்கிறவங்களுக்குத்தான்.”

“நியாயம்தான் சார்.”

அவ்வளவுதான். மேலதிகாரி பேனாவை எடுத்தார். மீட்டர்காரர் கம்பீரமாகப் பையிலிருந்து அந்தக் கவரை உருவினார். எல்லோரும் பார்க்க நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், பதினாறாகக் கிழித்து வீசினார். விசிறிக் காற்றில் அந்தத் துண்டுகள் அறை முழுக்கப் பூமாரியாய்ச் சுழன்றன. வெளியே இருந்த அறுபது பேரும் எழுந்து நின்று கைதட்டிய ஓசையில் கட்டடத்தின் மீட்டரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடிற்று.

நான் இதை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா இந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

“அவன் எங்கங்க கிழிச்சான்? நான் அங்கதானே உட்கார்ந்திருந்தேன். உள்ள விட்ட கையை வெளியவே எடுக்கல. பேசி முடிக்கிற வரைக்கும் பாக்கெட்டுக்குள்ள அந்தக் கவரை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டே இருந்தான். வெளிய வந்து பார்த்தா வேர்வையில மொத்தமும் ஊறி, டாக்டர் சீல் அவன் உள்ளங்கையில நீலமா ஒட்டியிருந்துச்சு. கைதட்டலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதிகாரி ‘பிடிச்சிருக்கு’ன்னே எழுதிட்டு ‘சரி, அடுத்தது யாரு’ன்னாரு. நாங்க வந்துட்டோம்.”