உளுந்தளவு முகம்

நேற்று மத்தியானம் பேரன் தன் கைபேசியை நீட்டி, "தாத்தா, இந்தத் தொப்பியப் பாருங்க, உச்சியில ஈட்டி வச்சிருக்கான்" என்றான். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் இளவரசர் ஒருவர் போர்முனைச் சிப்பாய்களைப் பார்க்கப் போன படம். அவர் நீளக் கோட்டும் பளபளப்பான பூட்ஸும் போட்டிருந்தார். எதிரே சேறு அப்பிய பையன்கள் வரிசையாக நின்றார்கள். அவன் அடுத்த படத்துக்குப் போய்விட்டான். என்னால் போக முடியவில்லை. நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடை சட்டென்று மூக்கில் ஏறிவிட்டது.

தென்காசியில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் அது. சாரல் தொடங்கினால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் காயாது. சாரலோடு சொந்தக்காரர்களும் வந்து இறங்குவார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று காதில் பட்டால் போதும், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட எண்ணெய்ப் பாட்டிலும் கையுமாக வாசலில் நிற்பார்கள். அருவியில் நின்றுவிட்டு வந்த பசிக்கு அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி அம்மா தனிக்கச்சேரி வைப்பாள். அதற்குள் போனால் இன்று திரும்பி வர முடியாது.

கூடத்துக் கொடி நிறைய ஈரத் துண்டுகள் தொங்கும். அவற்றுக்கு மேலே, நான் சொல்ல வந்த படம். பேரன் காட்டிய அதே மாதிரி நீளக் கோட்டுக்காரர், அதே மாதிரி வரிசை. எங்கள் வீட்டில் கோட்டுக்காரருக்குப் பெயர் வெள்ளைக்கார ராஜா. வரிசையின் கடைசியில் தலைப்பாகையோடு நிற்பவர் செண்பகம் அத்தையின் தகப்பனார்.

அத்தை என் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். அவள் வயிற்றில் இருந்தபோதே அவள் தகப்பனார் ஜெர்மன் சண்டைக்குப் போனார். துப்பாக்கி தூக்க இல்லை, இங்கிலீஷ்காரன் பட்டாளத்துக்குக் குழி வெட்டுகிற கூலியாட்களில் ஒருவராக. அவர் திரும்பவில்லை. கூடப் போன கடையநல்லூர்க்காரர் ஒருவர் அவருடைய தகரப் பெட்டியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இந்தப் படம் இருந்தது. அத்தையின் அம்மா தலைப்பாகைக்காரரைத் தொட்டுக் காட்டி, "இதான் ஒங்கப்பா" என்று சொல்லி வளர்த்தாள்.

செத்தவர்கள் படத்துக்குப் பொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இந்தப் படத்தில் ஒவ்வொரு முகமும் உளுந்தளவுதான் இருக்கும். சந்தனத்தை எவ்வளவு சின்னதாக வைத்தாலும் முகம் மறைந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் பொட்டின் மேல் பொட்டாக ஏறி, அது ஒரு சின்னக் கூழாங்கல் மாதிரி கண்ணாடியில் உட்கார்ந்துவிட்டது. அடியில் இருக்கும் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. நானும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்தவன்தான். வீட்டுச் சுவரில் இருப்பதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

நான் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தேசமே என் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது என்று நினைப்பு. அந்த வருஷச் சாரலுக்கு அக்காவும் அத்தானும் மதராஸிலிருந்து வந்திருந்தார்கள். அத்தான் காலேஜில் சரித்திர வாத்தியார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் துண்டு எடுக்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது நம்ம பட்டாளம் இல்லையே. ஜெர்மன்காரன்லா. இவன் அந்த ஊரு இளவரசன்."

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். "என்ன மாப்ள சொல்லுதிய?"

அத்தான் தொப்பியைக் காட்டினார், பொத்தானைக் காட்டினார். சொல்லச் சொல்லத்தான் தான் எதில் கை வைத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. அத்தை என்னைப் பார்த்தாள்.

"ஏலே, படத்த எறக்குலே."

"விடு செம்பா. இம்புட்டு வருசம் கும்புட்டாச்சு. இப்பப் போயி என்னத்தத் தோண்டப்போற?" என்றார் அப்பா.

"எங்கப்பாவப் பாக்கணும்ணே. இல்ல, இது எங்கப்பா இல்லங்கதையாவது பாக்கணும்."

இறக்கினேன். ஈரத் துணிக்குச் சந்தனம் அசையவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினாள். யாரையும் தொட விடவில்லை. கடைசியில் முகம் வந்தது. தலைப்பாகை என்று நாங்கள் நினைத்தது காயக் கட்டு. அதன் கீழே மீசைகூட அரும்பாத ஒரு வெள்ளைக்காரப் பையன். எல்லாரும் இளவரசரைப் பார்க்க, அவன் மட்டும் நேராக எங்களைப் பார்த்தான். அத்தை அழவில்லை.

"இந்தப் பய ஊரு போய்ச் சேந்தானா மாப்ள?"

"யாருக்குத் தெரியும்" என்றார் அத்தான்.

"அப்ப இனி இவனுக்குப் பொட்டு கெடையாது. உசுரோட இருந்தான்னா? பெத்தவ கேட்டா என்னைய வைய மாட்டாளா?"

ஜெர்மன்காரன் விட்டுப்போன குழியில் கிடந்ததை அவள் தகப்பனார் வேடிக்கையாக எடுத்து வைத்திருப்பார் என்று அத்தான் சமாதானமாகச் சொன்னார். அத்தை படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, "எங்கப்பா கை பட்டது" என்று தகரப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தார். அண்ணன் தம்பி சாயலை வைத்து, காக்கி உடுப்போடு முகம் வரைந்து தருவது அவருக்குப் பழக்கமான வேலை. "மூக்கு யாரு மாதிரி இருக்கணும் அம்மா?" என்று பென்சிலை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இன்னொருத்தன் மொகத்த இனி நான் கும்புட மாட்டேன். தெரியாதது தெரியாததாவே இருக்கட்டும்."

வெறும் சட்டத்தை அவளே பழைய ஆணியில் மாட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் பலகை மட்டும். நட்டநடுவில் பொட்டு. சாரலுக்கு வந்தவர்கள் "இது என்ன?" என்று கேட்டால், "எங்கப்பா" என்பாள். அதற்கு மேல் கேட்க ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. ஆபீஸ் நண்பர்கள் வந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்புறம் அந்தக் கூச்சம் போய், அந்த வீட்டில் பொய் சொல்லாத பொருள் அது ஒன்றுதான் என்று தோன்ற ஆரம்பித்தது.

அத்தை போனபோது நான் மாற்றலாகி வெளியூரில் இருந்தேன். வந்து சேர்வதற்குள், விளக்கு முன்னால் வைக்க ஒரு படம் வேண்டுமென்று, அக்கா மகன் அந்தச் சட்டத்தைத் துடைத்து அத்தை படத்தைச் செருகிவிட்டான். அளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. "சும்மா கெடந்த சட்டந்தான மாமா?" என்றான். பிணம் கிடக்கிற வீட்டில் அவனுக்கு என்ன விளக்கம் சொல்ல?

வீட்டை விற்றுவிட்டோம். அது இப்போது சீசனுக்கு வருகிறவர்களுக்கு ரூம் விடுகிற கட்டிடமாகிவிட்டது. தகரப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்ததைக் கரையான் மிச்சம் வைக்கவில்லை. அந்த மனுஷனுடைய பெயரையாவது இங்கே எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வீட்டில் எல்லாருக்கும் அவர் செண்பகத்தோட அப்பாதான். பெயர் சொல்லி அழைக்க ஆள் இல்லை. ஆண்பிள்ளை இல்லாதவர் என்பதால் ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் அப்பாதான் அவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார். வருஷம் தவறாமல் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். அருவிச் சத்தத்தில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை.