வலி நின்ற பல்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அரை கிளாஸ் கட்டிங் சாயா வந்துகொண்டே இருக்கும். சர்க்கரை தூக்கலாகப் போட்டு, தைத்துக்கொண்டே குடிப்போம்.

என் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்து வெகுநாள் வலித்தது. கிராம்பு வைத்துச் சமாளித்தேன். ஒருநாள் வலி தானாக நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு பட்டறையில் செத்த எலி நாற்றம் அடித்தது. தோல் கட்டுகளைப் புரட்டித் தேடினோம். எலி இல்லை. வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அதே நாற்றம். ஏதோ என் கூடவே வருகிறது என்று பயந்தேன்.

பக்கத்து மெஷின் இசக்கி சொன்னான்: "ஓய் பாய், நீரு வெளிய போனா நாத்தமும் கூடவே போவுதுவே. எலிய முழுங்கிட்டீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பல்லை விரலால் அழுத்தி, விரலை மோந்து பார்த்தேன். அதுதான்.

அன்றே பல் டாக்டரிடம் போனேன். "உள்ள நரம்பு செத்து அழுகிடுச்சு. அதான் வலி நின்னுச்சு. சீழ் தாடைக்கு வந்தாச்சு. கழுத்துக்கு இறங்கியிருந்தா மூச்சு அடைச்சிருக்கும்" என்றார். பல்லைப் பிடுங்கினார்.

இப்போது சர்க்கரை இல்லாமல்தான் சாயா. பல் தேய்க்காமல் படுப்பதில்லை. வாரம் ஒருமுறை பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். போன வாரம் சின்னவள் பல்லில் கறுப்புப் புள்ளி தெரிந்தது. வலிக்கவில்லை என்றாள். உடனே பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.