நான் காட்டிய நாலு விரல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் நான் பராமரித்த அந்த அமெரிக்கக் கிழவருக்கு என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன். ஒஸ்லோவில் கொம்யூனின், அதாவது நகரசபையின், வீட்டு உதவியாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க உதவுவதும் மருந்து கொடுப்பதும் என் வேலை. முதல் நாள் அவர் கதவைத் திறந்து, வாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி நில்லுங்கோ, நான் உள்ளுக்கு வரவேணும்" என்றேன்.

"என்னைத் தள்ளிப்போட்டுப் போக ஏழு வருஷம் கனபேர் பாத்தவை. ஏலாமல் போச்சு" என்று சிரித்தார். அவர் பேசியது அமெரிக்க இழுவையோடு நோர்வேஜிய மொழிதான். என் ஞாபகத்தில் எல்லாம் எங்கள் தமிழிலேயே இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவர் அவர். நாங்கள் ஊரில் உதைத்த பந்து அல்ல அது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஆட்டம். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் நின்று, அவனை விழுத்த ஓடிவருகிறவர்களைத் தன் உடம்பால் மறிப்பதுதான் அவருடைய வேலை. "ஏழு வருஷத்திலை பந்தைத் தொட்டது ஒரேயொருக்கால். அதுவும் தானா உருண்டு வந்து என்ர வயித்துக்குக் கீழை அம்பிட்டது" என்பார். முழங்கால் கெட்டதும் குழு அவரை விட்டுவிட்டது. அங்கே படிக்க வந்திருந்த நோர்வேப் பெண்ணைக் கல்யாணம் செய்து, அவருடன் இங்கே வந்து, ஓய்வு பெறும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். அலுமாரிக்கு மேலே பழைய தலைக்கவசம் ஒன்று இருந்தது. நான் போகும்போதெல்லாம் அதைத் துடைத்து வைப்பேன்.

நான் போகத் தொடங்கியபோதே மறதி வந்துவிட்டது. ஒரே காலையில் மூன்று தரம் சவரம் செய்து கன்னத்தைப் புண்ணாக்கினார். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மனைவியை விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனார். தலையில் பட்ட இடிகளால்தான் இது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அந்த இடிகளைப் பற்றி அவர் பகிடியாகத்தான் கதைப்பார். "மோதி எழும்பினால் உலகம் சுத்தும். டொக்டர் ஓடிவந்து, இது ஆட்டத்தின்ரை எத்தினையாவது பகுதி, எதிராளி எத்தினை புள்ளி எண்டு கேப்பார். எனக்கு ஒண்டும் தெரியாது. டொக்டருக்குப் பின்னாலை என்ர கூட்டாளி நிண்டு விரலாலை காட்டுவான். நான் அதைப் பாத்துச் சொல்லுவன். திரும்பவும் உள்ளுக்கு!"

"கள்ளப் பயலுகள்!" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருடைய மனைவிக்கு ஒழுங்கான நித்திரை இல்லை, இடுப்பும் நோ. இனி ஏலாது என்று, பராமரிப்பு இல்லத்தில் கணவருக்கு ஒரு இடம் கேட்டு எழுதினார். செவ்வாய்க்கிழமை தாதி ஒருவர் வந்து அவருடைய ஞாபகத்தைச் சோதிப்பதாக இருந்தது. அதற்கு முதல் நாள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னை அனுப்பிப்போடுவினம். விட்டிடாதை." அவ்வளவு பெரிய ஆள் அழுதார். எனக்கு மனம் கேட்கவில்லை.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். கொம்யூனிலிருந்து ஆள் வருகிறது என்றால், நோயாளியைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, திருநீறு பூசி, மறுமொழியும் சொல்லிக்கொடுத்து இருத்திவிடுவோம். வீட்டுக் குறை வெளியே தெரியக்கூடாது. என் அப்பாவுக்கும் நான் அப்படித்தான் செய்தேன். வந்தவர் ‘நன்றாக இருக்கிறார்’ என்று எழுதிவிட்டுப் போனார். கேட்ட உதவி கிடைக்காமல், அப்பாவைத் தூக்கித் தூக்கியே அம்மா முறிந்துபோனார். அதைக் கண்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

"உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? அந்த மனுசியும் பாவமெல்லே?" என்று என் கணவர் கேட்டார்.

"உங்களுக்கென்ன தெரியும்? பேசாமல் இருங்கோ" என்று அவர் வாயை அடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு நானே சீப்பால் தலை இழுத்துவிட்டேன். நாளும் மாதமும் சொல்லிக்கொடுத்தேன். தாதி கேள்வி கேட்கும்போது, தாதிக்குப் பின்னால் கோப்பை துடைப்பதுபோல நின்றேன். "இது எத்தனையாம் மாடி?" என்றார் தாதி. நான் நாலு விரலை விரித்தேன். "நாலாம் மாடி. ஏன், ஏறி வரக் களைச்சுப் போனீங்களோ?" என்று அவர் கேட்க, தாதி சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த மனைவி என் விரல்களைப் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார்.

வீட்டிலேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று கிழமை கழிந்திருக்கும். காலையில் என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். குளியலறை நிலத்தில் மனைவி பேச முடியாத அரைமயக்கத்தில் கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அவருக்குப் போர்வை போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இவர் இருந்தார். முழங்காலடியில் தொலைபேசி.

"ஆரையோ கூப்பிடவேணும். ஆரை எண்டுதான் தெரியேல்லை" என்றார். விடியற்காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார்கள். ஐயோ, நான் என்ன செய்து வைத்தேன்!

அம்புலன்சைக் கூப்பிட்டேன். அன்றைக்கே என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், அது நியாயம்தான். வைத்தியசாலையில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். அண்டைக்கு அவர் பழைய ஆள் மாதிரி இருந்தார். அதைக் கெடுக்க எனக்கும் மனம் வரேல்லை" என்றார். நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவருடைய கணவருக்குப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. மனைவி இன்னும் நடக்கப் பழகிக்கொண்டிருந்ததால், அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான். புதிய தாதி ஒருவர் தாளும் பேனாவுமாக அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் சுவரோடு நின்றேன்.

"இது எத்தனையாம் மாடி?"

அவர் தாதியைப் பார்க்கவில்லை. தாதியின் தோளுக்கு மேலால் என் கையைப் பார்த்தார். அது இரண்டாம் மாடி. என் விரல்கள் தாமாகவே அசைந்தன. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் விரல்களுக்காக அவர் நெடுநேரம் பொறுமையாகக் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார் கடைசியில்.

தாதி எழுதிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அவர் மறுபடியும் என் கை இருக்கும் இடத்தைத்தான் பார்த்தார்.