லீவு என்றால் திரும்பி வருவது

மூன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஜாஸ்பின் மிஸ்ஸிடம் முதலில் கற்றுக்கொள்வது தம் தொண்டையைத் தொட்டுப் பார்ப்பதைத்தான். ஆங்கிலத்தில் விலைக்கும் பிரைஸ், பரிசுக்கும் பிரைஸ். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நம் காதுக்கும் ஒன்றாகவே கேட்கும்.

"ரெண்டு விரல தொண்டைல வையுங்க மக்களே. பாம்பு மாதிரி சீறுங்க. விரலுக்கு அடியில ஏதாவது அனங்குதா, அதிருதா?"

"இல்ல மிஸ்."

"இனி வண்டு மாதிரி இரையுங்க."

வகுப்பே இரையும். பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

"அனங்குது மிஸ்."

"அனங்கினா பரிசு. அனங்கலேன்னா விலை."

இது அவர் கண்டுபிடித்த முறை அல்ல. கைப்பேசியில் எங்கோ பார்த்தது. அவருடைய ஆங்கிலத்திலும் இந்த மாவட்டத்து இழுப்பு உண்டு. சிறந்த ஆசிரியை என்று சட்டென்று சொல்லிவிட எனக்குத் தயக்கம்தான். ஆனால் ஒரு பிள்ளை எந்த இடத்தில் குழம்புகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் அவர் கோபப்படமாட்டார். அது போதுமா என்பது வேறு கேள்வி.

ஒருநாள் பெனின் என்ற பையன், நான் அடிக்கடி பென்சிலைத் தொலைப்பேன் என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினான். ஓர் ஓ போட வேண்டிய இடத்தில் இரண்டு ஓ போட்டிருந்தான்.

"மிஸ், பெனின் அவனையே லூசுன்னு எழுதி வச்சிருக்கான்" என்றாள் முதல் பெஞ்சு ஜினி. வகுப்பு சிரித்தது. பெனினின் காது சிவந்தது.

"லூசுன்னா கிறுக்குன்னு நம்ம ஊர்லதான் சொல்லுவோம்" என்றார் ஜாஸ்பின். "இங்கிலீஷ்ல தளர்ந்து கெடக்குதுன்னு அர்த்தம். ரெண்டு ஓ இருந்தா இடுப்பு பெருசு, நிக்கர் நழுவும். ஒரு ஓவ எடுத்துப் போட்டா? ஒண்ணு தொலைஞ்சு போச்சுல்லா. அப்பம் தொலைக்கிறதுன்னு அர்த்தம்."

பெனின் தன் நிக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓர் ஓவை அழித்தான். அதன்பின் அந்த வகுப்பில் யாரும் அதைத் தப்பாக எழுதவில்லை.

ஜாஸ்பின் பூதப்பாண்டிப் பக்கம் பிறந்து நெய்யூருக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஜான்ரோஸ் ஓமானில் லாரி ஓட்டி, முதுகின் நடுவொடிந்து ஊர் திரும்பியவர். இப்போது அதே பள்ளியின் வேனை ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளோடு பிள்ளையாக மனைவியையும் ஏற்றிக்கொண்டு போவார், மாலையில் கொண்டுவந்து விடுவார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினையாகத் தெரிந்தது. "புருஷனும் பெஞ்சாதியும் ஒரே எடத்துல வேல, என்ன குறை" என்பார்கள். ஒருவருடைய வேலை மற்றவருடைய வேலைக்குப் பிணையாக நிற்பதை வேனுக்கு வெளியே நிற்பவர்கள் பார்க்க முடியாது.

பள்ளியின் தாளாளர் செல்வதாஸ் ரப்பர் வியாபாரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். வேலைக்குச் சேரும் எந்த ஆசிரியையும் தன் அசல் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவை அவருடைய அறையில் ஒரு பச்சை பீரோவில் இருக்கின்றன. சாக்பீஸ் பெட்டியும் அதே பீரோவில்தான். எனவே சாக்பீஸ் கேட்டுப் போகும்போதெல்லாம் ஜாஸ்பினால் தன் கோப்பைப் பார்க்க முடியும். அட்டையில் அவர் பெயர் அவருடைய கையெழுத்திலேயே இருக்கும். செல்வதாஸ் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டுவார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஆசிரியைகள் வீட்டில் நோய்நொடி என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டுக்கும் கேக் போகும். ஆட்கள் தன்னை விட்டுப் போவதுதான் அவருக்குப் பொறுக்காது. அன்புக்கும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடம் யாரும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஜாஸ்பினோடு பி.எட். படித்த சுபிதா மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை பார்க்கிறார். இந்த மாவட்டத்திலிருந்து அப்படிப் போனவர்கள் பலர். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சுபிதா போனில் அழைத்தார்.

"ஏட்டி, நீயும் வந்து சேரு. இங்க கடலத் தவிர ஒண்ணும் இல்ல. மீன் தின்னு தின்னு செதில் மொளச்சிரும் போலிருக்கு. ஆனா உன்ன யாரும் பிடிச்சு வெக்க மாட்டாவ."

ஜாஸ்பின் விண்ணப்பித்தார். ஜனவரியில் காணொளி வழியாக நேர்முகத் தேர்வு நடந்தது. கேள்வி கேட்டவர்களுக்கும் அந்த வண்டு இரைச்சல் பிடித்துப்போனது. வேலை உறுதியாயிற்று. மார்ச் முடிவதற்குள் திருவனந்தபுரத்தில் உள்ள முகமையிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு துண்டு நிலத்தில் போய் ஒருவர் விடுதலையைத் தேடுவது விசித்திரமாகப் படலாம். ஆனால் அடைபட்டவர் அளந்து பார்ப்பது பரப்பளவை அல்ல. கதவு எந்தப் பக்கத்திலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

அவர் செல்வதாஸின் அறைக்குப் போனார்.

"இருங்க டீச்சர். ஜான்ரோஸுக்க நடுவு இப்பம் எப்பிடி உண்டு?"

"பரவாயில்ல சார். எனக்க சர்டிபிகேட் வேணும் சார்."

"அது எங்க போவப் போவுது? பத்திரமாக்கும் இருக்கு. உங்க வீட்ல இருந்தா இதுக்குள்ள கறையான் தின்னு படிச்சு பட்டம் வாங்கியிருக்கும்."

"மாலத்தீவுல வேல கெடச்சிருக்கு சார்."

செல்வதாஸ் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "நல்ல காரியம். நான் தடையா நிப்பேனா? ஆண்டு விழா வருதில்லியா. நீங்க அந்த வார்த்த விளையாட்ட மேடைல ஏத்துங்க. பேரண்ட்ஸ் பாக்கட்டு. மறுநாளே தாறேன். ஆனா ஒண்ணு, நீங்க போறது வெளிய தெரியப்படாது. அட்மிஷன் நேரமாக்கும்."

ஜாஸ்பின் ஒப்புக்கொண்டார். வேறு வழிகளும் இருந்தன. காவல் நிலையத்துக்குப் போகலாம். ஆனால் அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் செல்வதாஸ்தான், வேன் சாவியும் அவருடையதுதான். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் பல்கலைக்கழகத்தில் நகல் வாங்கலாம். ஆனால் அது தொலையவில்லை. சாக்பீஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓர் ஓ போட வேண்டிய இடத்தையும் இரண்டு ஓ போட வேண்டிய இடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்.

அடுத்த வாரமே திங்கள்சந்தை முக்கில் பள்ளியின் பிளக்ஸ் பலகை நின்றது. குழப்பும் ஆங்கிலச் சொற்கள் இனி குழப்பாது என்று பெரிய எழுத்து. மூலையில் ஜாஸ்பினின் படம். வேனில் போகும்போது பிள்ளைகள் கை காட்டினார்கள்.

"மிஸ், நீங்க நிக்கிறிய."

ஜான்ரோஸ் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். "வெயில்ல நிக்கியே, குட வேண்டாமா?" என்றார். ஜாஸ்பின் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு விளங்கத் தொடங்கியது. தன்னை அங்கே பிடித்து வைத்திருப்பது பீரோ மட்டுமல்ல. அவர் கொஞ்சம் மோசமாகச் சொல்லிக் கொடுப்பவராக இருந்திருந்தால் எப்போதோ சான்றிதழைக் கையில் திணித்து அனுப்பியிருப்பார்கள். ஒரு வாரம் அப்படியே முயன்றும் பார்த்தார். கரும்பலகையைத் தொடாமல், வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வாரம் முடிவதற்குள், சமையலறையில் கோழி என்று சொல்ல வந்த ஒரு பெண்குழந்தை சிக்கனையும் கிச்சனையும் மாற்றிப் போட்டு, கோழிக்குள் சமையலறை என்று எழுதிவிட்டது. ஜாஸ்பின் எழுந்துவிட்டார். ஒரு கோழியை வரைந்து, அதன் வயிற்றுக்குள் அடுப்பும் வரைந்தார். வகுப்பு உருண்டு சிரித்தது.

இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் மனிதர் பெரும்பாலும் தம் பழக்கத்தால்தான் ஆனவர்.

ஒத்திகை தொடங்கியது. மேடையில் ஒரு பெட்டி இருக்கும். பிள்ளை அதிலிருந்து ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களை எடுத்து, இரண்டுக்கும் வாக்கியம் சொல்ல வேண்டும். ஜினிக்கு லிவ், லீவ். முதலாவது வசிப்பது. இரண்டாவது என்ன என்று கேட்டதும் வகுப்பே சொன்னது.

"லீவு மிஸ்! பள்ளிக்கூடம் கெடையாது."

"அது நம்ம லீவு. இது வேற. விட்டுட்டுப் போறது."

"லீவு விட்டாலும் விட்டுட்டுத்தானே மிஸ் போவோம்?" என்றான் பெனின்.

நியாயமான கேள்வி. ஜாஸ்பின் கொஞ்சம் யோசித்தார். "லீவுன்னா திரும்பி வருவோம். லீவ்னா போயிருவோம்."

"வரவே மாட்டோமா?" ஜினி கேட்டாள்.

உதாரணம் சொல்ல வேண்டியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து புறப்படும் ரயில் என்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு. ‘ஐ வில் லீவ் திஸ் ஸ்கூல்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மாதமாக உள்ளே இருந்த வாக்கியம் அது. உடனே ரயிலைச் சொல்லி, ஜினியைப் பல முறை திருப்பிச் சொல்ல வைத்தார். ஜினி ரயிலைத் திருப்பிச் சொன்னாள். முதலில் கேட்டதையும் விட்டுவிடவில்லை.

ஆண்டு விழா அன்று திடல் நிறைந்திருந்தது. வண்டு இரைச்சலுக்குப் பெரிய கைதட்டல். பெற்றோர்கள் தாங்களும் தொண்டையில் விரல் வைத்து இரைந்து பார்த்தார்கள். பெனின் நிக்கரைப் பிடித்துக்கொண்டு ஓவை அழித்தபோது திடல் குலுங்கியது. பிறகு ஜினி வந்தாள். பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தாள். மைக்குக்கு எட்டக் குதிகாலை உயர்த்திக்கொண்டாள்.

"ஐ லிவ் இன் நெய்யூர்" என்றாள். பிறகு தெளிவாக, "மை மிஸ் வில் லீவ் திஸ் ஸ்கூல்."

முன்வரிசையில் பெற்றோர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். செல்வதாஸ் கையில் இருந்த மைக்கை உயர்த்தினார்.

"கேட்டியளா? மிஸ்ஸுக்கு லீவு வேணுமாம். பிள்ளைய விட்டு சிபாரிசு பண்ணுதாவ. எடுத்துக்கிடுங்க டீச்சர், மே மாசம் முழுசும் லீவுதானே."

கூட்டம் சிரித்தது. ஜாஸ்பின் மேடையின் ஓரத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அர்த்தம் தெரியும் என்பது அதில் தெரிந்தது. ஒரு குழப்பம் சிலருக்கு அறியாமை. சிலருக்கு அது ஒதுங்கி நிற்க வசதியான நிழல்.

ஜினிக்கு மட்டும் சிரிப்பு பிடிபடவில்லை. அவள் திரும்பி, "தப்பா மிஸ்?" என்றாள். ஒலிபெருக்கி அதையும் திடலுக்குச் சொன்னது.

தப்பு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ரயில் வாக்கியத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம், ஜினி சொல்லியிருப்பாள், மறுநாள் பீரோ திறந்திருக்கும். ஜாஸ்பின் ஜினி அருகில் போய்க் குனிந்தார்.

"தப்பில்ல. நீ சொன்னது சரி. லீவு வேற, லீவ் வேற. லீவுன்னா திரும்பி வருவோம்."

மறுபாதியை அவர் சொல்லவில்லை. திடலில் இருந்தவர்களே அதை முடித்துக்கொண்டார்கள்.

இதைத் துணிச்சல் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சரியாகச் சொன்ன பிள்ளையிடம் தப்பு என்று சொல்ல அவர் வாய் பழகவில்லை. கோழியின் வயிற்றில் அடுப்பு வரைந்த அதே கைதான் இதுவும்.

மறுநாள் செல்வதாஸ் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"மறுநாளே தாறேன்னு சொன்னேன், இல்லேங்கல. யாருக்கும் தெரியப்படாதுன்னும் சொன்னேனே டீச்சர். காலைல இருந்து போன கீழ வெக்க முடியல. அந்த மிஸ் இல்லேன்னா பிள்ளைய வேற எடத்துல சேப்போம்ங்காவ."

"நான் சொல்லல சார். பிள்ள சொன்னா."

"சரின்னு சொன்னது நீங்கல்லா?"

சொன்னது அவர்தான்.

"அட்மிஷன் முடியட்டு" என்றார் செல்வதாஸ். பிறகு பீரோவைத் திறந்தார். ஜாஸ்பின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். செல்வதாஸ் ஒரு சாக்பீஸ் பெட்டியை எடுத்து நீட்டினார். "வந்தது வந்திய, இதக் கொண்டு போங்க."

மார்ச் முடிந்தது. மாலத்தீவில் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் மறுபடி ஆள் எடுக்கலாம் என்று சுபிதா சொன்னார்.

பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் வேனில் வீடு திரும்பும்போது ஜான்ரோஸ் கேட்டார். "தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

"அவ ஆயுசுக்கும் லீவ்னா லீவுன்னே நெனச்சிருப்பா."

"நெனச்சா என்ன?"

ஜாஸ்பின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முக்கில் பிளக்ஸ் பலகை கடந்து போனது. ஜான்ரோஸின் கேள்வி லேசில் தள்ளிவிடக்கூடியதல்ல. ஒரு சொல்லின் அர்த்தம் ஒரு மனுஷியின் வாழ்க்கையைவிடப் பெரிதா என்று கேட்டால், பெரிதல்ல என்றே நானும் சொல்வேன். மேடையில் நிற்கும்போது அப்படி யாரும் கேட்டுக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல்.

ஜூனில் பள்ளி திறந்தது. மூன்றாம் வகுப்பில் கூட்டம் அதிகம், ஒரு பெஞ்சு கூடுதலாகப் போட்டிருந்தார்கள். பலகையைப் பார்த்து வந்த பிள்ளைகள். புதிய பாம்புகள் சீறி, புதிய வண்டுகள் இரைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஜினி நின்றாள். இப்போது அவள் நாலாம் வகுப்பு.

"மிஸ், நீங்க லீவ் பண்ணலியா?"

"நீ என்ன சொன்ன மக்களே? திருப்பிச் சொல்லு பாப்போம்."

"மை மிஸ் வில் லீவ் திஸ் ஸ்கூல்."

"அதுல ‘வில்’ இருக்குல்லா?"

ஜினி யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். "இனி நடக்கப் போறது."

"சரி" என்றார் ஜாஸ்பின். "கிளாசுக்குப் போ."

அவள் போனதும் வகுப்பின் பக்கம் திரும்பினார். ஒரு பையன் இன்னும் தொண்டையிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தான்.

"அனங்கவே மாட்டேங்குது மிஸ்."

"சீறாத மக்களே, இரைஞ்சு பாரு" என்றபடி அவன் அருகில் போனார். தன் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து அவரும் இரைந்தார்.