அளக்க வெட்கப்பட்டவர்கள்

சைக்கிளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் எது என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் என் தங்கை ஆரணியின் கதையை நான் சொல்கிறேன். அவளிடம் விட்டால் இரண்டு வரியில் முடித்துவிட்டுச் சிரிப்பாள்.

எங்கள் வீடு நீர்வேலியில். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். வாழைக்குலைகளைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகும் அவருடைய பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழே காலை விட்டு ஓடிப் பழகியவள் ஆரணி. இப்போது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. தினமும் சைக்கிளில்தான் போய் வருகிறாள். ஸ்கூட்டி வாங்கித் தருவதாக அம்மா சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஊரில் சைக்கிள் ஓட்டக் கழகம் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். பெண்ணென்று அவள் ஒருத்திதான். அம்மா ஒரேயொரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பிளைகளோடு தூர ஓட்டம் போவதென்றால் அக்காவும் கூடவே போகவேண்டும். அப்படித்தான் இரண்டு பிள்ளைகளின் தாயான நான், தண்ணீர்ப் போத்தல்களையும் கதலிப் பழச் சீப்புகளையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கழகத்துக்கு வாலாக ஓடத் தொடங்கினேன்.

கழகத்துக்கு சுவிஸிலிருந்து ஒருவர் இரண்டு பந்தயச் சைக்கிள்கள் அனுப்பியிருந்தார். கறுப்பு பெரியது, கொஞ்சம் பழையது. வெள்ளை சிறியது, புத்தம் புதிது போலிருந்தது. யாருக்கு எது என்று பார்க்க எல்லோரையும் அளப்பதாகத் தலைவர் பிரகலாதன் அறிவித்தார். அவர் வங்கியில் பெரிய உத்தியோகத்தர். சுவரோடு நிற்கவேண்டும், கால்களுக்கு நடுவில் தடித்த புத்தகம் ஒன்றை மேலே முட்டப் பிடிக்கவேண்டும், புத்தகத்திலிருந்து நிலம்வரை நாடா. சிரிப்பும் பகிடியுமாக ஆண்களெல்லாம் நின்று அளந்துகொண்டார்கள். ஆரணியின் முறை வந்ததும் பிரகலாதன் நாடாவைச் சுருட்டிவிட்டார்.

"தங்கச்சிக்கு வேண்டாம். மரியாதையில்லை. பாத்தாலே தெரியுது, என்ரை உயரந்தானே. கறுப்பை எடும்."

"பெரிசாக் கிடக்கு அண்ணை," என்றாள் ஆரணி.

"என்ன பெரிசு? ரெண்டும் எழுநூறு சில்லுத்தானே!"

எங்கள் ஊரில் சைக்கிளின் அளவைச் சில்லில்தான் பார்ப்பார்கள். இருபத்தாறு என்றால் சின்னது, இருபத்தெட்டு என்றால் பெரியது. பந்தயச் சைக்கிளின் ரயரில் எழுநூறு என்று போட்டிருப்பதைக் கண்டதும், சட்டத்தின் நீளத்தைப் பாராமல், ஒரே சில்லு, ஆகவே ஒரே அளவு என்று முடிவெடுத்துவிட்டார்கள். அப்படியானால் ஆண்களை எதற்காக அளந்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. வெள்ளையைத் தலைவர் எடுத்துக்கொண்டார். அதையும் ஒருவரும் கேட்கவில்லை.

கறுப்பில் ஆரணி படுத்த படுக்கையாகத்தான் ஓடினாள். அவ்வளவு தூரம் கையை நீட்டினால்தான் ஹான்டில் எட்டியது. பத்துக் கட்டை தூரம் போவதற்குள் விரல்கள் விறைத்துவிடும். கழுத்து நோவில் இரவில் திரும்பிப் படுக்க மாட்டாள். மாகாணப் போட்டிக்குக் கழகத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று அறிவித்தல் வந்திருந்தது. அந்த ஒரு இடத்துக்காக எல்லா நோவையும் பொறுத்துக்கொண்டாள்.

போட்டிக்கு முந்திய மாதம் கொடிகாமம்வரை ஓடினார்கள். சந்தைக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்தபோதுதான் ஒருவர் உடம்பை ஒருவர் பகிடி பண்ணும் கதை தொடங்கியது. குருநகரிலிருந்து பூசை முடித்து வந்து சேர்ந்துகொள்ளும் சிமியோனின் தோள் அகலத்தைப் பற்றி ஒருவர், கீர்த்திகனின் வாத்துக் கால்களைப் பற்றி இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு பிரகலாதன் வடையைக் கடித்தபடி ஆரணியின் பக்கம் திரும்பினார்.

"உமக்குக் கை கட்டை, தங்கச்சி. அதுதான் எட்டேல்லை. இடுப்பும் கொஞ்சம் அகலம், பின்னுக்கு இழுக்குது. பொம்பிளையளின்ரை உடம்பு உதுக்கெண்டு அமைஞ்சதில்லை, என்ன செய்யிறது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவளுடைய காலை அளப்பது மரியாதையில்லையாம். சந்தைக்கு வந்த சனமெல்லாம் கேட்க இவளுடைய இடுப்பைப் பற்றிக் கதைப்பது மட்டும் மரியாதையாம்! தேத்தண்ணியை அவர் மடியில் ஊற்றியிருப்பேன். ஆரணி என் கையைப் பிடித்து அமத்தினாள்.

திரும்பி வரும்போது கைதடியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. விறைத்த விரல்களால் ஆரணிக்குப் பிரேக்கை இழுக்க முடியவில்லை. வேலிக்குள் போய் விழுந்தாள். முழங்கை முழுக்க உரசல். ஒருவாறு நீர்வேலிக்கு வந்து, கழக மண்டபத்து வாசலில் நான் காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பிரகலாதன் சொன்னார்:

"போட்டிக்கு உம்மை அனுப்பேலாது. ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

ஆரணி எழுந்து உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய நாடாவை எடுத்தாள். மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தை எடுத்தாள். அத்தனை ஆண்களுக்கும் முன்னால் சுவரோடு நிமிர்ந்து நின்று, புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் முட்டப் பிடித்தாள்.

"அக்கா, நாடாவைப் பிடி."

பிடித்தேன். வாசித்தேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. தலைவரின் கால் அளவு சுவரில் எழுதிக் கிடந்தது. இவளுடையது அதைவிட நாலு விரல் கூட.

"அண்ணைக்கும் எனக்கும் உயரம் ஒண்டு," என்றாள் ஆரணி. "எனக்கு உயரம் காலிலை கிடக்கு. உங்களுக்கு உடம்பிலை கிடக்கு. உடம்பு நீளமான ஆளுக்குத்தான் கறுப்பு. வெள்ளையிலை நீங்கள் கூனிக்கொண்டு ஓடி, முதுகு நாரியெல்லாம் நோகுதெண்டு எண்ணெய் பூசுறியள். மாத்துவம். ரெண்டு பேருக்கும் நல்லது."

"ஒரு பொம்பிளைப்பிள்ளை செய்யிற வேலையே இது?" என்றார் பிரகலாதன்.

சிமியோன் மட்டும், "அவ சொல்லுறது சரிதானே, தலைவர்," என்றார். அது காற்றோடு போனது. அடுத்த வாரமே கமிற்றி கூடி, ஒழுக்கக் குறைவு என்று ஆரணியை நிறுத்தி வைத்தது. மாகாணப் போட்டிக்குக் கழகத்திலிருந்து எந்தப் பெண்ணும் போகவில்லை. அவளை விடாததுகூட இல்லை, அந்த இடத்தை வெறுமையாக விட்டதுதான் என் நெஞ்சை அறுத்தது. வீட்டில் அம்மாவும், "எல்லாருக்கும் முன்னாலை அளக்கத்தான் வேணுமே?" என்றார். அன்று அம்மாவோடும் சண்டை பிடித்தேன். ஆரணி அறையைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு ஒரு ஞாயிறு காலை. அம்மாவின் லேடீஸ் சைக்கிளில் ஆரணியும், ஸ்கூட்டியில் நானும் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். கழகம் ஓட்டம் முடித்து மண்டபத்தடியில் நின்றது. பிரகலாதனின் கையில் கறுப்புச் சைக்கிள்! சீற்றை இறக்கிப் பதித்து, தனக்கு அளவாக்கி வைத்திருந்தார். அளந்தவளைத் துரத்திவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொண்டார். திறந்த கதவால் பார்த்தால் வெள்ளைச் சைக்கிள் சுவரில் கொளுவித் தொங்கியது.

வாயில் வந்ததை நான் கத்துவதற்கு முன்பே ஆரணி இறங்கிப் போய்விட்டாள்.

"அண்ணை, நாரி நோ எப்பிடி?"

"அது இப்ப அடியோடை இல்லை," என்றார் அவர், ஓடி வந்த சந்தோஷத்தில். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"அப்ப வெள்ளையைத் தாங்கோ."

"அது... கமிற்றி கூடித்தான் முடிவெடுக்கவேணும்."

சிமியோன் உள்ளே போய் வெள்ளையை இறக்கி, சீற்றை உயர்த்தி இறுக்கி, வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஆரணி ஏறினாள். முழங்கை மெல்ல மடிய, கை தானாகப் போய் ஹான்டிலில் இருந்தது.

"கூடுங்கோ அண்ணை," என்றாள். "நான் ஒருக்கா ஓடிப்போட்டு வாறன்."