பதினோரு நாள் கீரை

குப்பை எரிக்கும் ஆலையில் அவரைக் 'கட்டிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்த குப்பையின் அடியில் தங்குவது ஒரு சாம்பல். ஆணியும் கண்ணாடிச் சில்லுமாகக் கனமாக இருக்கும். புகையோடு மேலே ஏறி, வடிகட்டும் துணிப்பைகளில் சிக்குவது இன்னொன்று. அது முகப்பவுடர் மாதிரி மெல்லிசு. ஈயமும் காட்மியமும் அதில்தான் அதிகம். அதில் சிமெண்டும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, தடித்த விரிப்புப் போட்ட குழியில் அடுக்குவது அவர் வேலை. முகமூடியைக் கழற்றினால் மூக்குக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறமாக இருப்பார்.

பல வருஷத்துக்கு முன்னால் கட்டியும் கிடையாது, குழியும் கிடையாது. துணிப்பைகளை அப்போதுதான் மாட்டியிருந்தார்கள். விழுந்த தூள் பின்பக்கம் குவிந்து கிடந்தது. சாம்பல் செடிக்கு நல்லது என்று யாருக்குத்தான் தெரியாது? அவரும் வாரம் ஒரு சாக்கு கட்டி, சைக்கிளில் வைத்துத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவர்தான் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு கீரைப் பாத்தி இருந்தது.

"என்னண்ணா, ஆலையையே பேத்துக் கொண்டுவந்துட்டியா?"

"சும்மாதானே கிடக்கு. கீரையாவது உன்னை மாதிரி நோஞ்சானா இல்லாம வளரட்டும்."

"இந்த வாய்க்குத்தான் யாரும் பொண்ணு குடுக்கல. கை கழுவிட்டு வா, சாப்பிடு."

அப்புறம் ஆலைக்குச் சோதனைக்கூடத்து அம்மா ஒருத்தர் வந்தார். தூளை அள்ளிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து எல்லாரையும் நிற்க வைத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். குழந்தைகள் உடம்பில் ஈயம் சேர்ந்தால் மூளையைத்தான் முதலில் தொடும் என்றார்.

"யாராவது இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா? திட்ட மாட்டேன். தெரிஞ்சா போதும்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் தரையைப் பார்த்தபடி நின்றார். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. மீதிப் பாதி, தங்கை முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்றைக்குப் படுத்தார். மறுநாளும் அப்படித்தான் படுத்தார்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் போனபோது தங்கை மகள் பாத்தியில் குந்தி, ஈர மண்ணைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு வயது. தட்டிவிட்டு விரலைச் சப்பினாள்.

"மண்ணத் திங்காதேன்னா கேக்குதா பாரு. மாமனுக்கும் ஒரு வாய் ஊட்டிவிடுடி," என்று தங்கை சிரித்தாள்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தங்கை பக்கம் திரும்பவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"போன வாரத்துக்கு முந்தின புதன்."

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"தெரியாமக் கொண்டுவந்தே, அதுல ஒண்ணுமில்லண்ணா. நானும்தானே அள்ளிப் போட்டேன். தெரிஞ்ச பிறகு பதினோரு நாள். தினம் கீரை கடைஞ்சு ஊட்டினேனே."



பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. இனி மெல்லக் குறையும், ஆனால் இதுவரை என்ன செய்ததோ அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டிக்காரர் பாத்தியை ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைச் சாக்குகளில் கட்டினார். சோதனைக்கூடத்து அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, அப்போதுதான் தொடங்கியிருந்த சிமெண்ட் வேலையில் மண்ணையும் தூளோடு சேர்த்துப் பிசைந்து கட்டியாக்க ஏற்பாடு செய்தார். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்து, தண்ணீரில் ஒரு நாள் முழுக்கக் குலுக்கி, தண்ணீரில் ஈயம் கசியவில்லை என்று காட்டினார். கட்டிக்காரர் அதை மட்டும் தங்கையிடம் போய்ச் சொன்னார். சரி என்றாள்.

பிள்ளை பேசத் தாமதமானது. பள்ளிக்கூடத்தில் எழுத்துகள் அவளுக்குப் பிடிபடவே இல்லை. அது அந்த மண்ணாலா, பிறவியிலேயேவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வாசல் காவலுக்கு மாறிக்கொள்ளச் சொன்னபோதும் அவர் கட்டி வேலையை விடவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "அங்கே உக்காந்தா தூக்கம் வரும்ப்பா," என்றார்.

தங்கை அவரை ஒரு நாளும் ஒதுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சாப்பாடு போடுகிறாள், காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்கிறாள். அவரும் வெறுங்கையோடு போவதில்லை. ஆரஞ்சோ கொய்யாவோ, ஏதாவது ஒன்று. அவள் சிரித்த முகமாகப் பையை வாங்கிக்கொண்டு, தினம் கேட்பதைப் போலச் சாதாரணமாகக் கேட்பாள்:

"எந்தக் கடையிலண்ணா வாங்கினே?"

அவர் கடையின் பெயரைச் சொல்வார். அது இருக்கும் தெருவையும் சொல்வார்.