பரவாயில்லை அண்ணன் மலைக்குப் போன கதை

என் அண்ணனுக்குச் சலவைக்கூடத்தில் வைத்த பெயர் 'பரவாயில்லை'. யார் காலை மிதித்தாலும் அதைத்தான் சொல்வான். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் பஸ் கண்டக்டர். சில்லறைக்குச் சண்டை போட்டே வாய் நீண்டவள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களா நீங்கள் என்று அண்ணியே கேட்பாள்.

அண்ணன் வேலை பார்த்த அந்தச் சலவைக்கூடம், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற இடம். ஈரத்துணியை இயந்திரத்திலிருந்து இறக்கி, தள்ளுவண்டியில் குவித்து, சரிவு வழியாக உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியின் ஒரு சக்கரம் ஆடுகிறது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் சரிவின் நடுவில் சக்கரம் கழன்றது. கீழே ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வண்டி அவள்மேல் பாயாமல் இருக்க, அண்ணன் வலது கையால் இழுத்துப் பிடித்தான். தோளுக்குள் தசை கிழிந்தது. அப்போதும் மேற்பார்வையாளரிடம் "பரவாயில்ல சார்" என்று சொல்லி, ஷிப்டை முடித்துவிட்டுத்தான் வந்தானாம். கேட்டதும் எனக்கு இரண்டு பேரையுமே அறைய வேண்டும் போலிருந்தது.

வேலையில் பட்ட காயம் என்பதால் காப்பீட்டுக் கம்பெனி மாதாமாதம் நஷ்டஈடு கொடுத்தது. ஆபரேஷன் செய்தால்தான் கை மேலே போகும், அதற்கும் அவர்கள்தான் சம்மதிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்காகக் காத்திருந்து காத்திருந்து அண்ணன் வீட்டுக்குள்ளேயே சுருங்கிப்போனான். சட்டைக்கு அண்ணிதான் பொத்தான் போட்டுவிடுவாள். அதற்குக்கூட அவளிடம் மன்னிப்புக் கேட்பான்.

"இப்படியே கிடந்தா மனசு கெட்டுடும். எங்கயாவது காத்தாட போயிட்டு வாங்க" என்று டாக்டரே சொன்னார். தொழிற்சங்கத்தில் விசாரித்தேன். சிகிச்சையைத் தவறவிடாமல் போய்வந்தால் போதும் என்றார்கள். நான்தான் லீவு போட்டு, இருவரையும் இழுத்துக்கொண்டு மலைக்குப் போனேன்.

விடுதி வாசலில் நாற்காலியைப் போட்டுப் பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அண்ணி ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை காலமாயிற்று! அந்த நேரம் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனி அதிகாரியின் போன். ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க இருக்கீங்க?"

"மலைக்கு வந்திருக்கேன் சார்."

"அட! எப்படி இருக்கீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கேன் சார். எல்லாம் உங்க புண்ணியத்துல."

நான் போனைப் பிடுங்குவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். நஷ்டஈடு நின்றது. ஊர் சுற்றுகிற ஆளுக்கு ஆபரேஷன் எதற்கு என்று அதையும் நிறுத்தினார்கள். சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்களே அவனை ஏமாற்றுக்காரன் என்றார்கள். அவன் வண்டியைப் பிடிக்காமல் விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"ஏண்ணே அப்படிச் சொன்ன?"

"அவரு மரியாதையா விசாரிக்கிறாரு. நல்லா இல்லன்னு எப்படிம்மா சொல்றது?"

தலையில் அடித்துக்கொண்டேன். தொழிற்சங்கத்தைப் பிடித்து மேலே முறையிட்டேன், விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் முழுக்க அவனுக்குப் பாடம் நடத்தினேன். "எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, கை வலிக்குது, தூக்க முடியலன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத." பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

விசாரணை அதிகாரி நரைத்த தலையுடன் ஓர் அம்மா. உள்ளே நுழைந்ததும் பொதுவாக, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன்மா" என்றான் என் அண்ணன்.

காப்பீட்டு அதிகாரி சிரித்தார். பிறகு போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். 'உங்க புண்ணியத்துல' என்று அண்ணனின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் சான்றிதழ் பழசு, மலையில் உல்லாசமாக இருந்தவர் இன்று நோயாளியாக நடிக்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. மின்விசிறி ஓடவில்லை. பேசிப் பேசி வியர்த்துப்போன மனிதர், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் அதைத் திறங்களேன்" என்றார். வீட்டு வேலைக்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது, துருவேறி இறுகியிருந்தது. இடது கையால் அசைத்துப் பார்த்தான், வரவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, அடுத்தவர் கையைத் தூக்குவதுபோல மேலே தூக்கினான். நெஞ்சு உயரம் வந்ததும் அவனிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பரவாயில்ல சார்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "இதோ, திறந்துடறேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க உட்காருங்க." பிறகு காப்பீட்டு அதிகாரியைப் பார்த்தார். "நீங்க போய்த் திறங்க."

நஷ்டஈடு திரும்ப வரும், ஆபரேஷனும் நடக்கும் என்று தீர்ப்பானது. அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. டாக்டர் சொன்னதை நம்பாதவர்கள், ஒரு மனிதன் கண்ணெதிரே துடித்தால்தான் நம்புவார்களாம். தூ!

படி இறங்கும்போது அண்ணன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டான். முகமெல்லாம் வியர்வை.

"வலிக்குதாண்ணே?"

வழக்கமான பதிலைத்தான் சொல்லப்போகிறான், சொன்னால் இன்று விடக்கூடாது என்று சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"வலிக்குதும்மா" என்றான். "ரொம்ப வலிக்குது."